புதுப்பிப்பு: ஜிஎன்எம்-க்குப் பிறகு பி.எஸ்சி நர்சிங்

ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) முடித்து வார்டில் நர்ஸாக இருந்த நான், பட்டத்துக்காக மறுபடியும் நான்கு வருடம் படிக்கணுமா என்று கேட்டிருந்தேன். வேண்டாம், டிப்ளமோ முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி இரண்டே வருடம் என்றீர்கள். அதையே படித்து முடித்துவிட்டேன்.

முதல் வருடம் பெரும்பாலும் பழகிய பாடங்கள். உயிர்வேதியியல் மட்டும் கொஞ்சம் படுத்தியது. இரண்டாம் வருடம்தான் புதிது: ஆராய்ச்சியும் புள்ளியியலும், நர்சிங் கல்வி, நிர்வாகம். கண்ணை மூடிக்கொண்டு ஐவி ஊசி போடுகிறவர்கள்கூட திட்டவிலக்க (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) கணக்கில் திணறினோம். ஆனால் ஷிஃப்டுக்கு எத்தனை பேர் தேவை என்று கணக்குப் போட்டு எழுதிக் கேட்க இப்போது தெரிகிறது. முன்பு புலம்ப மட்டும்தான் தெரியும்!

வேலையை விடாமல் படிக்கலாமா என்று கேட்ட அக்காவுக்கு: ரெகுலர் படிப்பில் முடியாது. வகுப்பும் கிளினிக்கல் போஸ்டிங்கும் (ஆஸ்பத்திரிப் பயிற்சி) முழு நாளையும் எடுத்துக்கொள்ளும். வாரக்கடைசியில் வந்தால் போதும் என்று எந்தக் கல்லூரியாவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பட்டத்தைக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிய வேண்டும், அது நடந்துகொண்டிருக்கிறது. அப்புறம் சம்பளம்? பழைய ஆஸ்பத்திரியில் ஏற்றித் தர மாட்டார்களாம். நர்சிங் ஸ்கூல்களில் டியூட்டர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.