விடுதியில் காலை 4:30 பெல்லை 6 மணிக்குத் தள்ளினால் படிப்பு கெடுமா?

விடுதிக் காப்பாளர் கேட்டது:

ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பையன்கள் 60 பேர். இப்போதைய அட்டவணை: 4:30 பெல், 4:45 முதல் 6:15 வரை ஸ்டடி, 9:10-க்குப் பள்ளி. மாலை 6:30–8 ஸ்டடி, பிறகு சாப்பாடு, 9 மணிக்கு டீ குடித்துவிட்டு 10:45 வரை மறுபடி ஸ்டடி, 11-க்கு விளக்கணைப்பு. ஆக ஐந்தரை மணி நேரத் தூக்கம். காலை ஸ்டடியில் பாதிப் பேர் புத்தகத்தின் மேலேயே சாய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை 10 மணி வரை எழுப்ப முடிவதில்லை. பெற்றோரோ, "விடியற்காலையில் படித்தால்தான் மனதில் பதியும்" என்பதில் உறுதியாக இருக்கிறார்கள். குளியலறை எட்டுதான் என்பதால் பெல்லைத் தள்ளினால் வரிசை நீளும் என்ற கவலையும் இருக்கிறது. எதை, எந்த வரிசையில் மாற்றலாம்?

தூக்க ஆய்வகம்:

13 முதல் 18 வயதுக்கு 8–10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரை. உங்கள் பையன்களுக்கு தினமும் குறைந்தது இரண்டரை மணி நேரம் குறைகிறது.

பருவ வயதில் உடல் கடிகாரம் பின்னோக்கித் தள்ளிப்போகும். தூக்கத்துக்குத் தயார்படுத்தும் ஹார்மோனான மெலடோனின் சுரப்பதே தாமதமாகத்தான் தொடங்கும். அதனால் 9 மணிக்குப் படு என்றால் படுப்பான், தூங்க மாட்டான். இது திமிர் அல்ல. காலை 4:30 அவன் உடலுக்கு இன்னும் நள்ளிரவுக் கணக்குதான். கனவுத் தூக்கம் பெரும்பாலும் இரவின் கடைசிப் பகுதியில் வருவது. உங்கள் பெல் வெட்டுவது சரியாக அந்தப் பகுதியை. முந்தைய நாள் படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான் என்பதால், ஒன்றரை மணி நேர ஸ்டடிக்காக நேற்றைய ஆறு மணி நேரப் பாடத்தைப் பணயம் வைக்கிறீர்கள்.

சிங்கப்பூரில் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 15–19 வயது மாணவர்களை ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டும் படுக்க வைத்துச் சோதித்தார்கள் (2016-இல் வெளியானது). கவனம், நினைவில் வைத்துச் செய்யும் வேலை எல்லாம் நாளுக்கு நாள் சரிந்தன. பிறகு இரண்டு இரவு 9 மணி நேரம் தூங்க விட்டும் முழுதாக மீளவில்லை. ஞாயிறு 10 மணி வரை தூங்கினால் கடன் அடைந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

இன்னொரு சிக்கல்: தொடர்ந்து குறைவாகத் தூங்குபவனுக்குத் தன் மந்தம் தெரியாது. "எனக்குப் பழகிடுச்சு சார்" என்பான். பழகுவது தூக்கக் கலக்க உணர்வு மட்டும்தான். தவறுகள் கூடிக்கொண்டேதான் போகும்.

அட்டவணை ஆசாமி:

பெரும்பாலான விடுதிகளில் 4:30 பெல்லுக்கு உண்மைக் காரணம் படிப்பு அல்ல, குளியலறைதான். கணக்கைப் பாருங்கள்: 60 பேர், 8 அறை, ஆளுக்கு 8 நிமிடம் என்றால் 64 நிமிடம். பாதிப் பேரை மாலை விளையாட்டு முடிந்ததும் குளிக்க அனுப்பினால் காலையில் 32 நிமிடம் போதும். மாலைக் குளியலுக்கு ஏற்றபடி தொட்டியை 4 மணிக்கே நிரப்பச் சொல்லுங்கள். இது தவறினால் முதல் நாளே திட்டம் கவிழும்.

புது அட்டவணை: 6:00 பெல், 6:45–7:30 ஸ்டடி. மாலை 5:45–7:15 ஸ்டடி, சாப்பாடு, 7:55–9:45 ஸ்டடி, 10:15 விளக்கணைப்பு. மொத்த ஸ்டடியில் கழிவது 40 நிமிடம். கூடும் தூக்கம் இரண்டே கால் மணி நேரம்.

மாற்றும் வரிசை முக்கியம். பெல்லை ஒரே நாளில் 6-க்குத் தள்ளிவிடலாம், எவனும் எதிர்க்க மாட்டான். விளக்கணைப்பை மட்டும் மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடமாக முன்னே கொண்டுவாருங்கள். ஒரேயடியாக முக்கால் மணி நேரம் முன்னால் இழுத்தால் இருட்டில் படுத்து அரட்டைதான் நடக்கும், "மாற்றியும் பயனில்லை" என்று பழையபடி ஆகிவிடும்.

காலை 45 நிமிடத்தில் புதுப் பாடம் வேண்டாம். நேற்றுப் படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்கட்டும். அதையும் வராந்தாவிலோ மரத்தடியிலோ வையுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடல் கடிகாரம் முன்னே நகரும். ட்யூப்லைட் அறை இதற்குப் போதாது.

வேதியியல் டீச்சர்:

ஒரு சின்ன மறுப்பு. விடியற்காலைப் படிப்பைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னது முழுத் தவறில்லை. எட்டு, எட்டரைக்கே ஊர் அடங்கிய காலத்தில் நாலரைக்கு எழுந்தாலும் எட்டு மணி நேரம் தூங்கியாகிவிடும். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள், சண்டை இல்லாமல் முடியும். இன்னொன்று: ப்ளஸ் டூ பொதுத்தேர்வு காலை 10 மணிக்கு, நீட் பிற்பகல் 2 மணிக்கு. நாலரை மணிக்கு மூளை சுறுசுறுப்பாக இருந்து ஆகப்போவது என்ன? நீட் மாதிரித் தேர்வைப் பிற்பகல் 2 மணிக்கே வையுங்கள், மதிய உணவுக்குப் பிறகு வரும் மந்தத்தைச் சமாளிக்கப் பழக வேண்டியதுதான் அவசியம்.

விடுதிக் காப்பாளர்:

நன்றி. 9 மணி டீயை நிறுத்தலாமா? செல்போனுக்கு என்ன செய்வது? மதியம் 20 நிமிடம் கண்ணயர விடலாமா?

தூக்க ஆய்வகம்:

டீயைக் கட்டாயம் நிறுத்துங்கள். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2024 வழிகாட்டுதல்படி 150 மில்லி டீயில் 30–65 மில்லிகிராம் காஃபின், டிகாக்ஷன் காபியில் 80–120. உடலில் அது பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். 9 மணி டீயில் பாதி விடிகாலை 2 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். கடைசி டீ மாலை 4:30. இரவு பசித்தால் பால், சுண்டல், வாழைப்பழம்.

மதியத் தூக்கம் நல்லதே. 20 நிமிடம், மேசையில் தலைசாய்த்து, 3 மணிக்கு முன்பு. அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்ப நேரும். எழுந்தும் கொஞ்ச நேரம் மந்தமாகவே இருப்பான். ஞாயிற்றுக்கிழமை 7:30-க்கு மேல் படுக்க விடாதீர்கள், அன்று இரவுத் தூக்கம் கெட்டுத் திங்கள் பாழாகும்.

அட்டவணை ஆசாமி:

போனைக் கேட்டால் டப்பா போனைக் கொடுத்துவிட்டு நல்ல போனைத் தலையணை உறைக்குள் வைப்பார்கள். தேடி அலையாதீர்கள். மின்விசிறி தனி இணைப்பில் இருந்தால், படுக்கை அறை ப்ளக் பாயின்ட்டுகளை மட்டும் 9:45-க்கு அணைத்துவிடுங்கள். படுக்கை அறை ட்யூப்லைட்டுக்குப் பதில் மஞ்சள் எல்இடி பல்ப் போடுங்கள்.

ப்ளஸ் டூ பையன்களை மொட்டைமாடிக்குக் கீழ்த் தளத்திலிருந்து தரைத்தளத்துக்கு மாற்றுங்கள். ஏப்ரலில் அந்தக் கூரை நள்ளிரவு வரை சூடு கக்கும். கொசுவலையும் அவசியம்.

பள்ளி செவிலியர்:

ஒரு மாதம் சரியாகத் தூங்கியும் வகுப்பில் விழுகிறவர்களைத் தனியாகப் பாருங்கள். வாரத்தில் பல இரவு குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். டான்சில், அடினாய்டு வீக்கமோ அதிக எடையோ காரணமாக இருக்கலாம். படுத்ததும் கால் குடைச்சல், உதறிக்கொண்டே இருப்பது என்றால் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்லுங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்குவது வழக்கமாக நடக்கிறது. டீ அந்தச் சத்தை உறிஞ்ச விடாது, ஒரு மணி நேர இடைவெளி வேண்டும்.

தூக்கம் வரவில்லை என்று இருமல் சிரப்போ அலர்ஜி மாத்திரையோ எந்தப் பையனுக்கும் கொடுக்காதீர்கள். மறுநாள் காலை வரை மப்பு நிற்கும்.