தங்கம் தோண்டிய ஊரில் பாட்டுக்காரர் பிழைப்பு?

கோபிக்காரன்: 1850களில் ஆஸ்திரேலியாவுக்குத் தங்கம் தோண்டக் கப்பலேறியவர்களில் வாத்தியக்காரர்களும் உண்டாமே, சோறு போட்டது மண்வெட்டியா வாத்தியமா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

காங்கேயம் அண்ணன்: வாத்தியம்தான் தம்பி. இங்கிலாந்துக்காரர் சார்லஸ் தாட்சர், புல்லாங்குழல் வாசிப்பவர், 1852இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவுக்கு வந்தார், அப்புறம் அங்கே தங்கம் தோண்டிய ஊரான பெண்டிகோவில் ஷாம்ராக் ஹோட்டலில் பாடிப் பேர் வாங்கினார். ஊரறிந்த மெட்டில் அன்றன்றைய சங்கதியை ஏற்றிவிடுவார். மாதம் 30 ஷில்லிங் கட்டித் தங்கம் தோண்டும் உரிமச் சீட்டு வாங்காதவனைப் போலீஸ் துரத்தினால் அதுவும் பாட்டு! நம்ம உடுக்கடிப் பாட்டுக்காரருக்குக்கூட இவ்வளவு குசும்பு கிடையாது.

பெருந்துறை: கச்சேரி வைத்ததே சாராயம் விற்கத்தானுங்க. அவர் பாட்டை அச்சடித்தும் விற்றார், நல்ல வியாபாரி.

கோபிக்காரன்: கடைசிவரை அங்கேயேவா?

காங்கேயம் அண்ணன்: எங்கே! நியூசிலாந்தின் ஒடாகோவில் தங்கம் கிடைத்ததும் 1862இல் அங்கே போய்விட்டார்.