லீவ் வேகன்சிக்குப் போகிறவர் தன் வழியில் பாடம் நடத்தலாமா?

அல்சூர்க்காரி:
அடுத்த மாதம் இந்திராநகர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக் கணக்குக்கு லீவ் வேகன்சியில் சேருகிறேன். அங்கே இருக்கிற மிஸ் பிரசவ விடுப்பில் போகிறார், 26 வாரம். பிஎட் முடித்த பிறகு எனக்கு இதுதான் முதல் வேலை. அவர் நடத்திய மாதிரியே நடத்த வேண்டுமா, என் வழியில் போகலாமா? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பழைய சாக்பீஸ்:
அவர் வழியிலேயே போம்மா. நான் பட்டதைச் சொல்கிறேன். இதே ஏழாம் வகுப்பு, எளிய சமன்பாடு. ஓர் எண்ணை மூன்றால் பெருக்கி 5 கூட்டினால் 20, அந்த எண் என்ன? அந்த மிஸ் தராசு மாதிரி இரண்டு பக்கமும் 5 கழிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் போய், "அந்தப் பக்கம் போனால் குறி மாறும், அவ்வளவுதான்" என்றேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. டெஸ்டில் பார்த்தால் பாதிப் பேர் இரண்டு பக்கமும் கழித்துவிட்டு, குறியையும் மாற்றி வைத்திருந்தார்கள். திருத்தும்போது எனக்கே அழுகை வந்தது.

ஜெயநகர் கணக்கு:
அக்கா, மன்னிக்கணும். தப்பு புது வழியில் இல்லை. குறி ஏன் மாறுகிறது என்று சொல்லாமல் விட்டதுதான் தப்பு. அதோடு நீங்கள் சொல்வது 12 வாரக் காலத்து யோசனை. 2017இல் சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் என்று ஆக்கிவிட்டார்கள். ஜூனில் தொடங்கி மார்ச்சில் முடிகிற வருஷத்தில் அது பாதிக்கு மேல். அவ்வளவு நாளும் இன்னொருவர் நிழலாக நிற்க முடியுமா?

பழைய சாக்பீஸ்:
நிற்கத்தான் வேண்டும் தம்பி. ஏ, பி, சி மூன்று செக்‌ஷனுக்கும் ஒரே கேள்வித்தாள். பேப்பரை வேறு யாராவது திருத்தினால் ஸ்டெப் மார்க் அவர்கள் பழகிய வழிக்குத்தான் விழும். பெற்றோர் கூட்டத்தில் பதில் சொல்லப் போவது நீங்களா, அந்தப் பொண்ணா?

ஜெயநகர் கணக்கு:
சரியான வழிக்கு மார்க் வெட்டினால், திருத்துகிறவரிடம் போய்ச் சண்டை போட வேண்டியதுதான்.

பழைய சாக்பீஸ்:
சேர்ந்த முதல் மாதத்திலேயா? நல்ல யோசனை.

சிவாஜிநகர் பஸ்:
இரண்டு பேரும் சமன்பாட்டிலேயே நில்லுங்கள். முதல் நாள் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதே பிள்ளைகள் ஆட்டம் காட்டுவார்கள். எனக்கு ஒரு வகுப்பில் இரண்டு பையன்கள் பெயரை மாற்றிச் சொல்லி மூன்று நாள் ஓட்டினார்கள். நோட்டு அட்டையில் இருந்த பெயரைப் பார்த்துத்தான் பிடித்தேன். அதனால் முதல் நாளே யார் எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி வையுங்கள்.

அப்புறம், லீவ் வேகன்சி ஆளுக்கு ஃப்ரீ பீரியடை எதிர்பார்க்காதீர்கள். யார் லீவு போட்டாலும் சப்ஸ்டிட்யூஷன் நோட்டில் உங்கள் பெயர்தான் விழும், பியூன் வந்து வகுப்பு வாசலில் நிற்பார். பையில் எப்போதும் ஒரு சரக்கு இருக்கட்டும். நான் ஒன்பது கட்டம் போட்டு, 1 முதல் 9 வரை எண்களை நெடுக்கு, குறுக்கு, மூலைக்கு மூலை எப்படிக் கூட்டினாலும் 15 வருகிற மாதிரி நிரப்பச் சொல்வேன். நடுவில் 5 வர வேண்டும் என்று ஒருவன் கண்டுபிடிப்பதற்குள் அரை பீரியட் போய்விடும். எவ்வளவு சத்தம் போட்டாலும் கையை மட்டும் ஓங்காதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் அடிப்பதற்கு மட்டுமில்லை, மனதை நோகடிப்பதற்கும் தடை.

எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, தசரா லீவுக்குச் சம்பளம் உண்டா என்று எழுத்தில் வாங்கிவிட்டீர்களா?

அல்சூர்க்காரி:
தேதி வாங்கிவிட்டேன். தசராவைக் கேட்கவே தோன்றவில்லை, நாளைக்குக் கேட்கிறேன். நேற்று அந்த மிஸ்ஸிடமே போனில் பேசினேன். அவரே வழக்கமாகத் தராசு வழியில் தொடங்கி, இரண்டு வாரம் கழித்துக் குறி மாற்றும் வழிக்குப் போவாராம். ஜன்னலோரம் கடைசி வரிசைப் பெண் வகுப்பில் வாயே திறக்க மாட்டாள், மணி அடித்த பிறகு வந்து கேட்பாள், உடனே கிளம்பிவிடாதீர்கள் என்றார்.

ஜெயநகர் கணக்கு:
பார்த்தீர்களா அக்கா, இரண்டு வழியும் அவரிடமே இருக்கிறது.

பழைய சாக்பீஸ்:
இருக்கட்டும். முதல் டெஸ்ட் அந்த இரண்டு வாரத்துக்குள் வருகிறதா என்று கேட்டாயாம்மா?