மறு: ஸ்பாய்லர் = கதைக்கசிவு? எனக்கு ஒப்பவில்லை

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடி நேற்று அண்ணன் அனுப்பிய பட்டியலில், ஸ்பாய்லருக்கு, அதாவது படம் பார்க்காதவனிடம் கதையின் ரகசியத்தை முன்னாலேயே சொல்லிவிடுவதற்கு, நேராகக் 'கதைக்கசிவு' என்று இருந்தது. நான் மொழியியல் படித்தவன் இல்லை. காரைக்குடியில் கடை வைத்திருக்கிறேன், ராத்திரி கடையை அடைத்துவிட்டுப் பழைய படமும் பழைய சீரியலும் பார்க்கிற ஆள், அவ்வளவுதான். ஆனால் ஸ்பாய்லரால் நிறைய அடிபட்டவன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கசிவு என்றால் எங்கள் பக்கம் கண்மாய் மடையில் சொட்டுச் சொட்டாக வருவது. களிமண்ணை வைத்து அடைத்துவிட்டுப் போய்ச் சாப்பிடலாம். ஸ்பாய்லர் அப்படியா வருகிறது? கரை மொத்தமாக உடைகிற மாதிரி வரும், போன தண்ணீர் போனதுதான்.

சின்ன வயதில் ஒரு நாள் டிவியில் 'அந்த நாள்' போட்டார்கள். 1954ல் வந்த ஏவி.எம். படம். மெய்யப்ப செட்டியார் எங்கள் ஊர்க்காரர், சென்னைக்குப் போகும் முன்னால் இங்கே தேவகோட்டை ரோட்டில்தான் ஸ்டூடியோ வைத்திருந்தார், அதனால் ஏவி.எம். படம் என்றால் வீட்டில் ஒரு தனி மரியாதை. எஸ். பாலசந்தர் இயக்கியது, பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டுச் செத்துவிடுவார், யார் சுட்டது என்பதுதான் மீதிப் படம். ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்ல, சந்தேகம் ஆளுக்கு ஆள் தாவிக்கொண்டே போகும். வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், நாங்கள் பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கிறோம். தூணில் சாய்ந்து தேன்குழலைக் கடித்துக்கொண்டிருந்த அப்பத்தா, "என்னத்த இம்புட்டு நேரம் விசாரிக்கிறான், சுட்டது இன்னாருதான்டா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். (யார் என்று இங்கே எழுதமாட்டேன், குழுமத்தில் இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறீர்கள்.) அப்புறம் யாரையும் சந்தேகப்பட எனக்கு வேலையே இல்லை. அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) முறைத்துக்கொண்டு சொன்னார்: "என்ன ஆத்தா, இப்படிப் போட்டு உடைச்சுட்ட!"

அந்தச் சொல்தான் எனக்கு வேண்டும். ரகசியத்தைப் போட்டு உடைப்பது நாம் தினமும் சொல்வதுதானே, புதிதாக எதையும் செதுக்க வேண்டாம். முழுச் சொல்லாகக் 'கதையுடைப்பு', புழக்கத்தில் வெறும் 'உடைப்பு'. விமர்சனத்தின் தலையில் 'உடைப்பு உண்டு' என்று போடலாம். 'உடைக்காமல் சொல்லு' என்று கேட்கலாம். கதைக்கசிவை வைத்துக்கொண்டு ஒருவனிடம் என்ன கேட்பீர்கள், 'கசியாமல் சொல்லு' என்றா?

> 'முடிவு வெளியீடு' என்றால் எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். 1971ல் தொடராக வந்த கொலம்போ என்ற அமெரிக்கத் துப்பறியும் சீரியலை எடுத்துக்கொள்ளுங்கள். கொலைகாரன் யார் என்பதை முதலிலேயே அவர்களே காட்டிவிடுவார்கள். துப்பறிகிறவராக நடித்த பீட்டர் ஃபாக் அந்தக் கசங்கிய மழைக்கோட்டோடு போய், கிளம்புகிற மாதிரி கிளம்பித் திரும்பி வந்து இன்னொரு கேள்வி கேட்பார். ஆள் எதில் மாட்டினான் என்பதைச் சொன்னால்தான் அங்கே உடைப்பு. டல்லாஸ் என்று இன்னொரு அமெரிக்க சீரியல், அதில் ஜே.ஆர். என்ற முக்கியப் பாத்திரத்தை யார் சுட்டது என்பதை 1980 மார்ச்சில் தொங்கவிட்டு நவம்பரில்தான் சொன்னார்கள், தொடரோ 1991 வரை ஓடியது. அதில் எதை முடிவு என்பது? இந்தப் பக்கம் 1987ல் தூர்தர்ஷனில் ராமாயணம், ஞாயிற்றுக்கிழமை காலையில். ராவணன் செத்துவிடுவான் என்று யாராவது சொன்னால் சண்டைக்கா போயிருப்போம்? முடிவு தெரிந்தேதானே உட்கார்ந்திருந்தோம்.

இன்னொருவர் சொன்ன 'சுவைகெடுப்பு' அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சுவை கெட்டுத்தான் போகும் என்று அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. 'அந்த நாள்' படத்தை அதற்குப் பிறகு நான் நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன். சுட்டது யார் என்று தெரிந்த பிறகு, அந்தப் பாத்திரம் சும்மா நிற்கிற காட்சிகளில்கூட முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், முதல் தடவை கண்ணில் படாததெல்லாம் படும். அப்பத்தா ஒருவேளை நல்லதுதான் செய்தாரோ என்னவோ. உடைந்தது என்று மட்டும் சொல்லுவோம், கெட்டதா இல்லையா என்பது பார்க்கிறவன் பாடு.

எழுதியதைப் பிரித்துப்போட்டு ஆராய்வதற்கு இலக்கியக்காரர்கள் சொல்கிற 'கட்டுடைப்பு'டன் குழம்பாதா என்றும் கேட்டிருந்தார்கள். கட்டுடைப்பு படிக்கிறவர்கள் டல்லாஸ் பார்த்ததை வெளியே சொல்லமாட்டார்கள், பயப்பட வேண்டாம்.

உடைக்கிற ஆளுக்கு? கதையின் முடிச்சை இயக்குநருக்கு முன்னால் அவிழ்ப்பவன் 'முடிச்சவிழ்க்கி'. ஜேப்படிக்காரனுக்கு வைத்த பேர்தான், இவனும் இடுப்பில் முடிந்து வைத்ததைத்தானே அவிழ்த்துக்கொண்டு போகிறான்.

—

> உடைக்கிற ஆளுக்கு? … 'முடிச்சவிழ்க்கி'.

தம்பி, கண்மாய்க் கணக்கு சரி. பட்டியலில் 'கதையுடைப்பு (சுருக்கமாக உடைப்பு)' என்று மாற்றிவிட்டேன். முடிச்சவிழ்க்கியைச் சேர்க்கமாட்டேன். எங்கள் வீட்டில் சீரியல் கதையை முன்னாலேயே சொல்கிறவர் யார் என்று உனக்குத் தெரியும், அவரை அப்படிக் கூப்பிட்டால் எனக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது. 'கதையுடைப்பவர்' என்று மரியாதையாகவே இருக்கட்டும். நான் 'அந்த நாள்' படம் இன்னும் பார்க்கவில்லை, இந்த ஞாயிறு பார்க்கப்போகிறேன். அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

—

சரி அண்ணே, கதையுடைப்பவரே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பார்க்கும்போது அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் மேல் மட்டும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். இது உடைப்பா இல்லையா என்பதைப் படம் முடிந்ததும் நீங்களே எழுதுங்கள்.