ஃபுளோரைடு ஆய்வு முழுவதையும் ஒரு போஸ்டரில் அடக்க வேண்டுமா?

தகடூர் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நிலவியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். குடிநீரில் மிகுந்தால் பற்களையும் எலும்புகளையும் பாதிக்கும் ஃபுளோரைடு, தருமபுரி மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளில் எந்தப் பாறைப் பகுதிகளில் மிகுகிறது என்பதும், பருவமழைக்கு முன்னும் பின்னும் அது எவ்வாறு மாறுகிறது என்பதும் என் ஆய்வுப் பொருள். எங்கள் பல்கலைக்கழகத்தில் அடுத்த மாதம் முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கான ஆய்வு போஸ்டர் போட்டி நடைபெற இருக்கிறது. போஸ்டர் ஏ-0 அளவில் இருக்க வேண்டும். நடுவர்கள் முன் மூன்று நிமிடம் விளக்க வேண்டும். பாறை வரைபடம், பகுப்பாய்வு அட்டவணை, பைப்பர் வரைபடம் என அனைத்தும் இடம்பெற வேண்டும் என்கிறார் நெறியாளர். நடுவில் ஒரே ஒரு வாக்கியத்தைப் பெரிதாக அச்சிட்டால் போதும், அதுதான் இப்போதைய முறை என்கிறார் துறையின் மூத்த மாணவர் ஒருவர். எதைப் பின்பற்றுவது? ஃபிளெக்ஸில் அச்சிடலாமா என்பதையும் கூறுங்கள்.

பாறைமனிதன்:

சில போட்டிகளில் நடுவராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தை அப்படியே சுருக்கி ஒட்டிய போஸ்டர்கள்தான் பெரும்பாலும் பின்தங்குகின்றன, ஏனெனில் இருபது, முப்பது போஸ்டர்களைப் பார்த்து முடிக்க வேண்டிய நடுவர் எதையும் வரிவரியாகப் படிப்பதில்லை. உங்கள் பட்டியலில் நான் முதலில் நீக்குவது பைப்பர் வரைபடத்தை. கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட், குளோரைடு, சல்பேட் ஆகியவற்றைக் கொண்டு நீரின் வகையைக் காட்டும் அந்த வரைபடத்தில் ஃபுளோரைடுக்கு இடமே இல்லை. நிலத்தடி நீர் ஆய்வு என்றாலே அது இருக்க வேண்டும் என்ற வழக்கத்தால் ஒட்டப்படுகிறது, அவ்வளவுதான். மழைக்கு முன், மழைக்குப் பின் என இரண்டு பரவல் வரைபடங்களை ஒரே வண்ண அளவுகோலில் அருகருகே வையுங்கள். பாறை எல்லைக்கோடுகளை அவற்றின் மேலேயே வரைந்துவிட்டால் தனிப் பாறை வரைபடமும் தேவைப்படாது.

நீரியல் நேசன்:

பைப்பர் வரைபடம் பற்றிய கருத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை, ஐயா. ஃபுளோரைடு மிகுந்த நீர் பெரும்பாலும் கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்ததாகவே இருக்கும். கால்சியம் மிகுந்தால் அது ஃபுளோரைடோடு சேர்ந்து கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்துவிடும் என்பதே காரணம். ஆகவே ஃபுளோரைடு அளவுக்கு ஏற்பப் புள்ளிகளின் பருமனை மாற்றி வரைந்தால் அதே பைப்பர் வரைபடம் காரணத்தைக் காட்டும் படமாகிவிடும். அவ்வாறு செய்ய இயலாவிட்டால் நீக்கிவிடுவதே நல்லது.

பெரிய வாக்கிய முறை 2019-இல் மைக் மாரிசன் என்பவர் முன்வைத்தது. கூட்டம் நடந்துகொண்டே பார்க்கும் மாநாட்டு அரங்குகளுக்கு அது பொருந்தும். மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டு நிற்கும் நடுவரோ ஆய்வு முறை எங்கே என்று தேடுவார். கண்டுபிடிப்பையே ஒரு முழு வாக்கியமாகத் தலைப்பில் இடுங்கள். முறைகளைக் கீழே ஒரு சிறிய பகுதியில் அடக்குங்கள். நெறியாளரின் அட்டவணையை ஏ-4 தாளில் அச்சிட்டுக் கையில் வைத்திருந்தால் அவருக்கும் மனக்குறை இராது.

அச்சுக்கூடம்:

ஃபிளெக்ஸ் வேண்டாம். தொலைவிலிருந்து பார்க்கும் பேனருக்கு ஏற்ற அச்சு அது. வரைபடத்தின் சிறு எழுத்துகள் கலங்கிவிடும். மேட் தாளில் அச்சிட்டால் விளக்கொளி எதிரொளிக்காது. பவர்பாயிண்ட்டில் செய்வதாக இருந்தால் தொடங்கும்போதே பக்க அளவை 84.1 × 118.9 செ.மீ. என்று அமைத்துவிடுங்கள். தலைப்புகள் தவிர்த்த உள்ளடக்கத்தின் எழுத்து 24 புள்ளிக்குக் கீழே இறங்கக் கூடாது. எழுத்துருக்கள் உட்பொதிக்கப்பட்ட பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் கடைக் கணினியில் தமிழ் எழுத்துகள் கட்டங்களாக மாறி நிற்கும். பரவல் வரைபடத்தில் சிவப்பு–பச்சை வண்ணங்களையும் தவிர்த்துவிடுங்கள். அவற்றைப் பிரித்தறிய இயலாதவர்கள், குறிப்பாக ஆண்களில், கணிசமாக உள்ளனர். நீலத்திலிருந்து மஞ்சளுக்குச் செல்லும் வரிசை பாதுகாப்பானது.

தகடூர் மாணவி:

மூவருக்கும் மிக்க நன்றி. தலைப்பை இவ்வாறு மாற்றியிருக்கிறேன்: “மழைக்குப் பின்னும் குறையாத ஃபுளோரைடு: தருமபுரியின் நைஸ் பாறைப் பகுதிக் கிணறுகள்”. வரைபடத்தில் லிட்டருக்கு 1.5 மி.கி. என்பதை எல்லையாக வைத்து இரண்டே வண்ணங்கள் கொடுத்திருக்கிறேன். சரியாக இருக்குமா?

பாறைமனிதன்:

தலைப்பு நன்று. வண்ணங்களை மூன்றாக்குங்கள், அம்மா. 1.5 என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 10500 தரத்தில் ஏற்கத்தக்க எல்லை 1.0 மி.கி.; வேறு நீராதாரம் இல்லாதபோதுதான் 1.5 வரை அனுமதி. எனவே 1.0 வரை, 1.0 முதல் 1.5 வரை, அதற்கு மேல் எனப் பிரிப்பதே முறை.

இரண்டு கேள்விகள் உறுதியாக வரும். மழைநீர் சேர்ந்தால் ஃபுளோரைடு நீர்த்துப்போக வேண்டுமே, ஏன் குறையவில்லை என்று துறை சார்ந்த நடுவர் கேட்பார்; கீழிறங்கும் நீர் சிதைந்த பாறை மண்டலத்தில் தங்கிய உப்புகளையும் கரைத்துக்கொண்டு செல்லக்கூடும் என்பதை உங்கள் தரவுகளோடு பொருத்திச் சொல்லுங்கள். வேறு துறை நடுவரோ, காவிரி நீரை உங்கள் மாவட்டத்துக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-இலேயே தொடங்கப்பட்டுவிட்டதே, இனி இந்த ஆய்வு எதற்கு என்பார். நீங்கள் மாதிரி எடுத்த ஊர்களில் எங்கெல்லாம் மக்கள் இன்னும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கிறார்கள் என்ற குறிப்பு உங்கள் களக் குறிப்பேட்டில் இருக்குமானால், அவ்வூர்களை அந்த வரைபடத்திலேயே ஒரு சிறு குறியீட்டால் காட்டிவிடுங்கள்.