‘பிளவுண்ட மலையே’ பாட்டுக்கு எந்த வசனத்தைப் போடுவது?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஏற்காட்டில் எங்கள் சபைப் பாடகர் குழு ஒரு கீத ஆராதனை நடத்துகிறது. பாட்டுத் தாளில் ஒவ்வொரு பாமாலைக்கும் கீழே அதன் ஆதார வசனம் ஒன்று, ஒன்றே ஒன்று, அச்சாக வேண்டும். சேலத்தில் அச்சகக்காரர் சனிக்கிழமைக்குள் கேட்கிறார்.

மற்றதெல்லாம் சுலபமாக முடிந்தது. லூத்தரின் கோட்டைப் பாட்டுக்கு சங்கீதம் 46. ‘என்னோடிரும்’ என்று லைட் 1847இல் எழுதியதற்கு லூக்கா 24:29. மாட்டிக்கொண்டது டாப்லேடி எழுதிய ‘பிளவுண்ட மலையே’யில்தான் (ஆங்கிலத்தில் ‘Rock of Ages’). ஒளித்துக்கொள்ளும் என்று கேட்பதால் யாத்திராகமம் 33:22 என்று முதலில் குறித்தேன். மோசேயைக் கன்மலையின் வெடிப்பில் தேவன் மறைத்து வைக்கிற இடம். ஆனால் அடுத்த அடியிலேயே தண்ணீரும் இரத்தமும் வருகின்றன. அப்படியானால் அடிபட்ட பாறையிலிருந்து தண்ணீர் புறப்பட்ட யாத்திராகமம் 17:6 அல்லவா? அதைக் கிறிஸ்துவோடு சேர்க்கிற 1 கொரிந்தியர் 10:4 இருக்கிறது, இயேசுவின் விலாவில் குத்தியபோது இரத்தமும் தண்ணீரும் புறப்பட்ட யோவான் 19:34 வேறு.

வேதாகமத்தில் எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் ஒத்துவாக்கியத்தில் ‘கன்மலை’யைத் தேடினேன், பக்கம் பக்கமாக வருகிறது. போதகரும் ஆர்கன் வாசிக்கிற அண்ணனும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இணையத்தில் தேடினால், டாப்லேடி புயலுக்குப் பாறை இடுக்கில் ஒதுங்கிய கதைதான் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. கதை நன்றாகத்தான் இருக்கிறது, தாளில் போட உதவாது.

நான் 1 கொரிந்தியர் 10:4 பக்கம் சாய்கிறேன். பாமாலை படித்தவர்கள் சொல்லுங்கள்: இந்தப் பாட்டுக்கு ஒரே வசனம் என்றால் எதைப் போடுவீர்கள், ஏன்?