அடிபம்பில் செந்தண்ணீர்: வடிகட்டித் தொட்டியா, குழாய் மாற்றமா? (உகாண்டா)

செம்புலம்:
வடக்கு உகாண்டாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எங்கள் சிறிய அறக்கட்டளை போர் போட்டுக் கொடுத்தது. பம்பு யு2 (நம்ம இந்தியா மார்க் 2-வின் உகாண்டா வடிவம்), 30 மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய். இரண்டே வருடத்தில் காலைத் தண்ணீர் சிவப்பாக, இரும்பு வாடையோடு வருகிறது. தேநீர் கறுக்கிறது, வெள்ளைத்துணி பழுப்பாகிறது. பாதிப் பேர் ஓடைக்கே திரும்பிவிட்டார்கள். இரும்பு வடிகட்டித் தொட்டி கட்டலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். பணம் அனுப்பலாமா?

நீர்மட்டம்:
அனுப்பாதீர்கள். இரும்பு நிலத்திலிருந்து வருகிறதா, குழாயிலிருந்தா என்று முதலில் பாருங்கள். இரவு பம்பைப் பூட்டிவைத்து, காலை முதல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடிக்கச் சொல்லுங்கள். ஒன்றேகால் அங்குலக் குழாயில் மீட்டருக்கு ஏறத்தாழ 1 லிட்டர் நிற்கும். நல்ல நிலையில் உள்ள பம்பு 40 முறை அடித்தால் 12 லிட்டர் தரும். ஆக, 100 முறை அடித்தால் குழாயில் நின்றது வெளியே வந்துவிடும். ஆனால் கேசிங்குக்குள் (போரின் வெளிச்சுவர்க் குழாய்) நின்ற தண்ணீரிலும் துரு இருக்கும், அதனால் 500 லிட்டராவது, அதாவது முக்கால் மணி நேரம், விடாமல் அடித்த பிறகே இரண்டாவது பாட்டில். முதலில் அதிகமாக இருந்த இரும்பு இரண்டாவதில் சடாரென்று இறங்கினால் குற்றவாளி குழாய். இரண்டிலும் ஒரே அளவென்றால் நிலம்.

இரும்புக்கான பாட்டிலில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட வேண்டும், இல்லையென்றால் இரும்பு அடியில் படிந்து லேப் அளவு குறைவாகக் காட்டும். பி.எச். (அமிலத்தன்மை அளவு, குறைந்தால் அமிலம் அதிகம்) மட்டும் பம்படியிலேயே பார்க்க வேண்டும். பாட்டிலில் பயணம் போனால் கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறிவிடும், ரிப்போர்ட் 'நல்ல தண்ணீர்' என்று வரும். 6.5-க்குக் கீழே இருந்தால் ஜி.ஐ. ஆகாது: துத்தநாகப் பூச்சு கரைந்து, அடுத்து இரும்பு. உகாண்டா அரசே 2016-இல் அடிபம்புகளுக்கு ஜி.ஐ. குழாய் போடுவதை நிறுத்தச் சொன்னது. அதற்குப் பிறகு போட்டதென்றால் ஒப்பந்ததாரரிடமே காரணம் கேளுங்கள்.

மரைச்சாவி:
குழாய்தான் காரணமென்றால் ராடையும் (குழாய்க்குள் பிஸ்டனை இழுக்கும் கம்பி) சேர்த்து மாற்றுங்கள். செலவு மிச்சம் என்று எவர்சில்வர் ராடை ஜி.ஐ. குழாய்க்குள் விட்டால், இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் நின்று ஜி.ஐ. இன்னும் வேகமாக அரிக்கும். முதலில் போவது மரைப் பகுதி, அங்கேதான் சுவர் மெல்லிசு. ஒருநாள் மொத்தமும் அறுந்து போருக்குள் விழும்.

எவர்சில்வரில் 304 தரம் கேளுங்கள். மலிவான 201, 202 தரங்களை 304 என்று விற்கிறார்கள். காந்தம் வைத்துப் பார்ப்பது பயனில்லை, எதுவுமே பெரிதாக ஒட்டாது. ஆலைச் சான்றிதழ் வாங்கி, ஒரு துண்டை உலோகச் சோதனைக்கும் அனுப்புங்கள். தண்ணீரோடு சேர்த்து ஏறத்தாழ 150 கிலோ தொங்குகிறது, பழைய குழாயைக் கிளாம்ப் இல்லாமல் கையால் தூக்க விடாதீர்கள்.

வடகரை:
யு3எம் (உகாண்டாவின் இன்னொரு அடிபம்பு) பக்கமும் பாருங்கள். பி.வி.சி. குழாய், எவர்சில்வர் ராடு. சிலிண்டர் (பிஸ்டன் ஓடும் உருளை) மேலே திறந்திருப்பதால் வாஷர் மாற்றக் குழாயைத் தூக்க வேண்டாம், பிஸ்டனை ராடோடு உருவலாம். ஆனால் சிலிண்டரையும் மாற்ற வேண்டும். ஒட்டும்போது தூசியோ ஈரமோ இருந்தால், பசை காயாமல் இறக்கினால், மூட்டு கழன்றுவிடும். ராடுக்கு நடுவளையம் போடாவிட்டால் உரசி உரசிக் குழாய் ஓட்டையாகும்.

செம்புலம்:
நிலத்து இரும்பாகவே இருந்தால்?

நீர்மட்டம்:
அப்போது தொட்டி சரி. தண்ணீரைச் சிதறவிட்டுக் காற்றுப்பட வைத்து, ஜல்லி, மணல் வழியாக விட வேண்டும். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் போனால் சுவையும் கறையும் தெரியும், அதுதான் இலக்கு. மணலைக் கழுவ ஆளும் கூலியும் முன்கூட்டியே முடிவாகாவிட்டால் கட்ட வேண்டாம். அடைத்ததும் ஜனங்கள் தொட்டியை விட்டுவிட்டு நேராகப் பம்பிலேயே பிடிப்பார்கள்.

எதை மாற்றினாலும் முடிவில் குளோரின். 4 அங்குலக் கேசிங்கில் மீட்டருக்கு 8 லிட்டர். 20 மீட்டர் தண்ணீர் நின்றால் 160 லிட்டர், அதற்கு 30 சத பிளீச்சிங் பவுடர் 30 கிராம் போதும். வாளியில் கரைத்துத் தெளிந்ததை மட்டும் ஊற்றி, பம்பில் வாடை வரும்வரை அடித்து, இரவு பூட்டிவைத்து, காலையில் வாடை போகும்வரை வெளியே அடித்துவிடுங்கள்.